முட்டைக்கோஸ் தோட்டத்துல இருந்து கேப் கனாவரல் வரைக்கும்: அப்பாவோட ஒரு ராக்கெட் பயணம்

நாள் 1 – ஆபர்ன், மாசசூசெட்ஸ்

அப்பா ஊர்ல இருந்து வந்து ஒன்றரை மாசம் ஆச்சு. நயாகரா போலாங்களாப்பான்னு கேட்டேன், தண்ணி விழறத பாக்க அவ்ளோ தூரம் எதுக்கு கண்ணு, மொத மொதல்ல ராக்கெட் விட்ட எடமெல்லாம் இந்த நாட்டுலதான இருக்கு அத காட்டுன்னாரு. முப்பத்தஞ்சு வருசம் கோயம்புத்தூர்ல ஒரு பம்ப்செட் பட்டறைல லேத் ஓட்டுன மனுசன், அவரு கேட்டதுல எனக்கு ஆச்சரியமே இல்ல, எனக்கும் ரொம்ப நாளா இருந்த ஆசை, லீவ் போட்டு கெளம்பிட்டோம். டெய்லி ராத்திரி ரூமுக்கு வந்ததும் எழுதி போடறேன்.

மொத எடம் எங்க வீட்ல இருந்து ஒரு மணி நேரம்தான். ஆபர்ன்னு ஊரு, வூஸ்டர் பக்கத்துல. இன்னைக்கு அங்க ஒரு கோல்ஃப் மைதானம், புல்லு, மரம், அவ்ளோதான், ஒரு சின்ன கிரானைட் தூண் மட்டும் நிக்குது. 1926ல இது எஃபி வார்டுன்னு ஒரு அம்மாவோட பண்ணை, ராபர்ட் கோடார்டுக்கு அத்தை முறை. மார்ச் 16, கீழ பனி கெடக்கு. கோடார்டு, அவரு மனைவி எஸ்தர், மெக்கானிக் ஹென்றி சாக்ஸ், கூட வேலை பாத்த பெர்சி ரூப், நாலே பேரு. பெட்ரோலும் திரவ ஆக்ஸிஜனும் ஊத்தி, ஒரு நீளமான கம்பு நுனில ஊதுவிளக்க கட்டி சாக்ஸ் பத்த வக்கறாரு. பத்துனதும் உடனே கெளம்பல, கொஞ்சம் எரிபொருள் எரிஞ்சு எடை கொறயற வரைக்கும் அப்படியே நின்னு உறுமிட்டு அப்பறம்தான் ஏறிச்சு. 41 அடி உயரம், ரெண்டரை செகண்ட், 184 அடி தள்ளி முட்டைக்கோஸ் போட்டிருந்த நெலத்துல விழுந்துச்சு. எஸ்தர் கையில இருந்த கேமராவுல ஏழு செகண்டுதான் படம் ஓடும், ராக்கெட் கெளம்பறதுக்குள்ள அது தீந்து போச்சு. அதனால உலகத்தோட முதல் திரவ எரிபொருள் ராக்கெட் பறந்ததுக்கு வீடியோவே கெடயாது, பக்கத்துல கோடார்டு நிக்கற போட்டோதான் இருக்கு.

அந்த போட்டோவ ஃபோன்ல அப்பாகிட்ட காட்டுனேன். பெருசு பண்ணி ரொம்ப நேரம் பாத்தாரு. "ஏங்கண்ணு, மோட்டர் மேல இருக்கு டேங்க் கீழ இருக்கு, நெருப்பு டேங்க் மேல அடிக்காதா?" சரியான கேள்வி. மேல இருந்து இழுத்துட்டு போனா நேரா போகும்னு கோடார்டு நெனச்சாரு, அதுக்காக கீழ் டேங்குக்கு கல்நார் போட்ட ஒரு கூம்பு மூடி வச்சிருந்தாரு. மேல இருந்து இழுத்தாலும் நேரா போகாதுன்னு அப்பறம்தான் தெரிஞ்சுது, மோட்டர கீழ மாத்திட்டாரு.

அப்பா ஒரு சின்ன பாக்கெட் நோட்டு வச்சிருப்பாரு, பட்டறை காலத்து பழக்கம். அதுல மூணு கோடு போட்டு தேதி, உயரம், எறங்குன எடம்னு எழுதி மொத வரிய நெரப்புனாரு. அப்பறம் தூண்ல இருந்து 184 அடிய கால்ல அளந்து பாக்கறேன்னு நடந்தாரு. எழுபத்தி நாலு எட்டு. எங்க தெரு டீக்கடை தூரம்னாரு.

கோடார்டு பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். 1899 அக்டோபர் 19, பதினேழு வயசு, செர்ரி மரத்துல ஏறி காஞ்ச கெளைய வெட்டிட்டு இருக்கும்போது செவ்வாய்க்கு போற ஒரு மெஷின் செஞ்சா எப்படி இருக்கும்னு தோணிருக்கு, வாழ்நாள் முழுக்க அந்த தேதிய மறக்கல. 1914லயே பல அடுக்கு ராக்கெட்டுக்கும் திரவ எரிபொருள் ராக்கெட்டுக்கும் பேடன்ட் வாங்கிட்டாரு. 1920 ஜனவரில நியூயார்க் டைம்ஸ் தலையங்கத்துல, வெற்றிடத்துல தள்றதுக்கு ஒண்ணும் இல்லயே ராக்கெட் எப்படி போகும், ஸ்கூல் பசங்களுக்கு தெரிஞ்சது கூட இவருக்கு தெரியலயேன்னு எழுதுனாங்க. அவரு அதுக்கு முன்னாடியே காத்த உறிஞ்சி எடுத்த குழாய்க்குள்ள ராக்கெட்ட வெடிச்சு காட்டி, வெற்றிடத்துல நல்லாவே தள்ளுதுன்னு அளந்து வச்சிருந்தாரு. அந்த எகத்தாளத்துக்கு அப்பறம் மனுசன் பேப்பர்காரங்கள கண்டா ஒதுங்க ஆரம்பிச்சுட்டாரு.

1929 ஜூலை 17, இதே பண்ணைல இன்னொரு ராக்கெட், பாரோமீட்டர், தெர்மாமீட்டர், கேமரா வச்சு விட்டாரு. சத்தம் கேட்டு ஏரோப்ளேன் விழுந்துருச்சுன்னு போலீஸும் ஆம்புலன்ஸும் வந்து, இனிமே இந்த மாநிலத்துல விடக்கூடாதுன்னு தீயணைப்பு அதிகாரி தடை போட்டுட்டாரு. நியூயார்க் டைம்ஸ் அந்த பழைய தலையங்கத்துக்கு திருத்தம் போட்டது எப்ப தெரியுமா, 1969 ஜூலை 17, அப்போலோ 11 கெளம்புன மறுநாள். இந்த 1929 ராக்கெட்டுல இருந்து சரியா நாப்பது வருசம். கோடார்டு 1945லயே போய் சேந்துட்டாரு.

நாள் 2 – ராஸ்வெல், நியூ மெக்ஸிகோ

விடிகாலைல ஃப்ளைட் பிடிச்சு ஆல்பகர்க்கி, அங்க இருந்து கார்ல மூணு மணி நேரம், ரெண்டு பக்கமும் ஒண்ணுமே இல்ல, வானம்தான். ராஸ்வெல்னாலே எல்லாருக்கும் வேற்றுகிரகவாசிதான் ஞாபகம் வரும், ஊர் முழுக்க அந்த பெரிய கண்ணு பொம்மைங்க. ஆனா 1930ல இருந்து, நடுவுல ரெண்டு வருசம் பணம் இல்லாம நின்னது போக, 1942 வரைக்கும் இந்த ஊர்லதான் கோடார்டு வேலை செஞ்சாரு. இத ஊருக்குள்ள நாலு பேருகிட்ட பேசுனோம், ரெண்டு பேருக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு, அது எனக்கு மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு.

அட்லான்டிக்க தனியா பறந்து தாண்டுன சார்லஸ் லின்ட்பெர்க் பேப்பர்ல இவர பத்தி படிச்சுட்டு தேடி வந்து பாத்து, குகன்ஹைம் குடும்பத்துகிட்ட பேசி 1 லட்சம் டாலர் வாங்கி குடுத்தாரு. அத வச்சுதான் இந்த வறண்ட ஊருக்கு வந்தது. ஜன நடமாட்டம் இல்ல, மழை கம்மி, சத்தம் போட்டா கேக்க ஆள் இல்ல. கூட வந்தது ஒரு கை விரல்ல எண்ணிடலாம் அத்தன மெக்கானிக்குங்க. எஸ்தரம்மா பாராசூட் தைப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, புல்லு பத்திக்கிட்டா ஓடிப்போய் அணைப்பாங்க. பம்பரம் மாதிரி சுழல்ற கைரோவ உள்ள வச்சு, அது சொல்ற பக்கம் புகை வர்ற வாய்ல தகடுகள திருப்பி ராக்கெட்ட நேரா வச்சிருக்கறது, அத இங்கதான் செஞ்சு காட்டுனாரு. 1935 மார்ச் 28ல அப்படி ஒண்ணு 4,800 அடி போச்சு. 1937 மார்ச்ல போனதுதான் அவரோட அதிகபட்ச உயரம், கிட்டத்தட்ட 2.7 கிலோமீட்டர்.

அவரு பட்டறை சாமான்கள பாத்துட்டு அப்பா அங்கயே நின்னுட்டாரு. கடைசி வருசங்கள்ல கோடார்டு போராடுனது சின்ன சைஸ் பம்புக்குத்தான். டேங்குல அழுத்தம் குடுத்து தள்ளுனா டேங்க் கனமா இருக்கணும், கனமா இருந்தா ஏறாது, பம்பு வச்சா டேங்க் தகடு மெலிசா இருந்தா போதும். ஆனா ஒரு பக்கம் பெட்ரோல், இன்னொரு பக்கம் மைனஸ் 183 டிகிரி ஆக்ஸிஜன், கசியவே கூடாது. "அந்த குளுருல சீல் எப்படி நிக்கும், எண்ணெய் எப்படி ஓடும்" அப்படின்னு அப்பா தனக்குள்ளயே பேசிட்டு இருந்தாரு. எண்ணெய் பட்டா திரவ ஆக்ஸிஜன் வெடிக்கவே செய்யும்னு சொன்னேன், அதுக்கப்பறம் ரொம்ப நேரம் பேசல.

எனக்கு ஒரு விசயம் தோணுது, சொல்லிடறேன். 1936ல கலிஃபோர்னியாவுல கால்டெக் யுனிவர்சிட்டில இருந்து ஃப்ராங்க் மலினான்னு ஒரு மாணவர் இங்க வந்து பாத்துட்டு போனாரு, கோடார்டு அன்பா பேசுனாரு ஆனா முக்கியமானத எதையும் காட்டல. அந்த பசங்க பசடீனால ஒரு காஞ்ச ஓடைல தாங்களே சோதனை ஆரம்பிச்சாங்க, அதுதான் வளந்து ஜேபிஎல்ங்கற நாசா ஆய்வுக்கூடம் ஆச்சு. கோடார்டு தெரிஞ்சத பகிர்ந்திருந்தா அமெரிக்காவுக்கு பத்து வருசம் மிச்சம் ஆயிருக்கும்னு நான் நெனக்கறேன். அப்பா ஒத்துக்கல. பட்டறைல பழுக்க காச்சுன இரும்புக்கு தண்ணி காட்டற பக்குவத்த சொல்லித்தராமலே செத்துப்போன ஒரு மேஸ்திரிய பத்தி சொன்னாரு, அவன எல்லாரும் திட்டுவோம், ஆனா அவன் கைய சுட்டுக்கிட்டு கத்துக்கிட்டப்ப யாரும் பக்கத்துல இல்ல கண்ணுன்னாரு. அதுவும் சரிதான்.

நாள் 3 – வெள்ளை மணல்

ராஸ்வெல்ல இருந்து மலை ஏறி எறங்குனா அலமகோர்டோ, அதத் தாண்டுனா ஒயிட் சாண்ட்ஸ். சுண்ணாம்பு மாதிரி வெள்ளை வெளேர்னு ஜிப்சம் மணல், கண்ணு கூசுது. அப்பா செருப்ப கழட்டி கைல எடுத்துட்டு நடந்தாரு, வெயில்லயும் இந்த மணல் சுடாது.

பக்கத்துலயே ராணுவத்தோட ஏவுதளம், வாசல்ல அடையாள அட்டை காட்டி மியூசியத்துக்கு போகணும். அங்க ஒரு வி-2 இருக்கு, ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனிக்காரங்க குண்டு வச்சு விட்ட ராக்கெட். போர் முடிஞ்சதும் ஜெர்மனில இருந்து ஏறக்குறைய 300 ரயில் பெட்டி நெறய வி-2 பாகங்கள இந்த பாலைவனத்துக்கு கொண்டு வந்தாங்க, 1946 ஏப்ரல் 16ல இங்க மொத வி-2 கெளம்புச்சு. 14 மீட்டர் நீளம், 25 டன் தள்ளு விசை, 41 அடியெல்லாம் இருவது வருசத்துல எங்க போயிருச்சு பாருங்க. ஹைட்ரஜன் பெராக்சைட நீராவியாக்கி அதுல டர்பைன் சுத்தி பம்பு ஓட்டறாங்க. ராஸ்வெல்ல கோடார்டு ஒரு சில பேர வச்சு தேடுனத ஜெர்மனில ஒரு அரசாங்கமே பணத்த கொட்டி செஞ்சு முடிச்சுருச்சு.

1946 அக்டோபர் 24, வெடிகுண்டு இருந்த மூக்குல ஒரு 35 மிமீ சினிமா கேமராவ வச்சு விட்டாங்க, ஒன்றரை செகண்டுக்கு ஒரு படம். 105 கிலோமீட்டர் போய்ட்டு கீழ வந்து மோதி கேமரா நாசம், ஆனா ஃபிலிம எஃகு டப்பால போட்டிருந்ததால தப்பிச்சுது. மனுசன் விண்வெளில இருந்து பாத்த முதல் பூமி அதுதான், கருப்பு வெள்ளைல கொஞ்சம் மேகம், வளைஞ்ச விளிம்பு. அந்த படத்த நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன், அது விழுந்த மண்ணுல நின்னு பாக்கறப்ப வேற மாதிரி இருந்துச்சு.

எல்லாமே ஒழுங்கா போகல. 1947 மே 29ல ஒண்ணு வடக்க போறதுக்கு பதிலா தெக்க போய் மெக்ஸிகோவுல ஹுவாரெஸ் ஊர் ஓரம் ஒரு சுடுகாட்டுகிட்ட விழுந்துச்சு, நல்ல வேளை யாருக்கும் ஒண்ணும் ஆகல. 1949 பிப்ரவரி 24ல வி-2 தலைல இன்னொரு சின்ன ராக்கெட்ட வச்சு விட்டாங்க, 393 கிலோமீட்டர். பல அடுக்குன்னு கோடார்டு 1914ல எழுதி குடுத்தது இதுதான்.

வெளிய ராக்கெட்டுங்கள வரிசையா நிறுத்தியிருக்காங்க. அதுல நைக் ஏஜாக்ஸ், விமானத்த சுடறதுக்கு இங்க சோதிச்சு பாத்த ஏவுகணை. அதோட அடி மோட்டரதான் அப்பறம் நைக் அப்பாச்சி ராக்கெட்டுக்கு மொத அடுக்கா வச்சாங்க, 1963 நவம்பர் 21ல தும்பால இருந்து இந்தியா விட்ட முதல் ராக்கெட் அந்த நைக் அப்பாச்சிதான். அப்துல் கலாம் அந்த வேலைக்காக அதுக்கு முன்னாடி அமெரிக்கா வந்து நாசா தளங்கள்ல பயிற்சி எடுத்துட்டு போனாரு. இத சொன்னதும் அப்பா அந்த அடி மோட்டர் மேல கைய வச்சுட்டு ஒரு போட்டோ எடுக்க சொன்னாரு. இந்த பயணத்துல அவரா கேட்ட ஒரே போட்டோ.

நாள் 4 – அலமகோர்டோ

இன்னைக்கு சின்ன நாள். மலையடிவாரத்துல விண்வெளி மியூசியம், அதோட வாசல்ல கொடிக்கம்பத்துக்கு கீழ ஹாம்ங்கற சிம்பன்சிய பொதச்சிருக்காங்க. இங்க ஹாலோமன் விமானப்படை தளத்துல பழக்குனாங்க, விளக்கு எரிஞ்சா லிவர அழுத்தணும், தப்பு பண்ணா கால்ல ஷாக், சரியா பண்ணா வாழப்பழ உருண்டை. 1961 ஜனவரி 31ல மெர்குரி ரெட்ஸ்டோன் ராக்கெட்ல ஏத்தி விட்டாங்க. ராக்கெட் கணக்குக்கு மீறி வேகமா போய் 185 கிலோமீட்டர்ல திரும்ப வேண்டியது 253 கிலோமீட்டர் போய்ருச்சு, கடல்ல விழுந்து கூண்டுக்குள்ள தண்ணி ஏறுது, கப்பல்காரங்க போய் தூக்கறதுக்குள்ள ரெண்டு மணி நேரத்துக்கு மேல. இவ்ளோத்துலயும் ஹாம் லிவர சரியா அழுத்திட்டே இருந்திருக்கு. வெளிய எடுத்ததும் ஒரு ஆப்பிள் குடுத்தாங்க. மூணு மாசம் கழிச்சு விண்வெளிக்கு போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்டு போனது இந்த குட்டி உயிரோட வந்ததாலதான்.

அப்பா நோட்டுல ஹாம் பேரையும் எழுதுனாரு. எறங்குன எடம்: அட்லான்டிக்.

நாள் 5

முழுக்க ஏர்போர்ட்லயே போச்சு. அப்பாவுக்கு கால் வீக்கம், ரூமுக்கு வந்ததும் வெந்நீர்ல கால் வச்சு தூங்கிட்டாரு.

நாள் 6 – ஹன்ட்ஸ்வில், அலபாமா

சாட்டர்ன் 5, நிலாவுக்கு மனுசன கொண்டு போன ராக்கெட். படுக்க வச்சிருக்காங்க, 363 அடி. அடில அஞ்சு எஃப்-1 இன்ஜின். ஒரு இன்ஜினுக்கு மட்டும் பம்பு 55,000 குதிரை சக்தி, செகண்டுக்கு ரெண்டரை டன்னுக்கு மேல எரிபொருளும் ஆக்ஸிஜனும் அனுப்பும். அப்பா காலம் பூரா கடைஞ்சது அஞ்சு குதிரை சக்தி கிணத்து பம்பு. அந்த நாசில் வாய்க்கு கீழ போய் நின்னு மேல பாத்தவரு, நான் கூப்பிட்டும் வரல. இத எல்லாம் கைல பத்த வச்சு ஒட்டுன ஆளுங்க யாரு கண்ணுன்னு கேட்டாரு. அவங்க பேரெல்லாம் எங்கயும் எழுதல.

ஹன்ட்ஸ்வில் முன்னாடி பருத்தியும் கீரையும் வெளயற சின்ன ஊரு. 1950ல வி-2 செஞ்ச குழுவோட தலைவர் வெர்னர் வான் ப்ரௌனையும் அவரோட வந்த நூத்துக்கும் மேல ஜெர்மன்காரங்களையும் டெக்ஸாஸ்ல இருந்து இங்க கொண்டு வந்தாங்க. ரெட்ஸ்டோன் ராக்கெட்ட சோதிக்க பெரிய மேடை கட்ட பணம் இல்லாம 1953ல ஏறக்குறைய 25,000 டாலர்ல ஒண்ண தாங்களே கட்டி, பழைய ரயில் டேங்கர மண்ணுல பொதச்சு அதுக்குள்ள உக்காந்து பாத்தாங்க. 1956 செப்டம்பர் 20ல இவங்களோட ஜூபிடர்-சி 1,097 கிலோமீட்டர் உயரம் போச்சு. நாலாவது அடுக்குல எரிபொருளுக்கு பதிலா மணல் நெரப்ப சொல்லி மேலிடத்து உத்தரவு, தவறிப்போய் கூட சாட்டிலைட் ஆகிடக்கூடாதுன்னு. அந்த மணல் இல்லேன்னா ரஷ்யாக்காரங்க விட்ட உலகத்தோட முதல் சாட்டிலைட் ஸ்புட்னிக்குக்கு ஒரு வருசம் முன்னாடியே இவங்க சுத்த விட்டிருக்கலாம்.

இவ்ளோ பெருமையா எழுதிட்டு இன்னொன்ன எழுதாம விட முடியாது. வி-2 ராக்கெட்டுங்கள செஞ்சது நார்ட்ஹவுசன் பக்கம் ஒரு மலைக்குள்ள தோண்டுன சுரங்கத்துல, செஞ்சவங்க மிட்டல்பாவ்-டோரா வதைமுகாம் கைதிங்க. 60,000 பேர் அளவுல கொண்டு போனாங்க, 20,000 பேர் அளவுல செத்துட்டாங்க, பசி, நோய், அடி, தூக்கு. அந்த ராக்கெட் விழுந்து செத்தவங்கள விட அத செய்யும்போது செத்தவங்க அதிகம். வான் ப்ரௌன் ஹிட்லரோட எஸ்எஸ் படைல அதிகாரி, சுரங்கத்துக்கு போய் கண்ணால பாத்தவரு. அங்க உற்பத்திக்கு தலைமையா இருந்த ஆர்தர் ருடால்ஃப்தான் இங்க சாட்டர்ன் 5 திட்டத்துக்கு மேனேஜர், விசாரணை வந்தப்ப 1984ல நாட்ட விட்டே போய் குடியுரிமையையும் விட்டுட்டாரு.

இத அப்பாகிட்ட மத்தியானம் சாப்பிடும்போது சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாமோன்னு அப்பறம் தோணுச்சு. மூணு நாள் முன்னாடி பாத்த அந்த வி-2லயா அவங்க கை பட்டதுன்னு கேட்டாரு. அந்த சுரங்கத்துல செஞ்ச பாகங்கதான்ப்பான்னேன். சாப்பாட்ட பாதில வச்சுட்டாரு. நோட்டுல ஒயிட் சாண்ட்ஸ் வரிக்கு பக்கத்துல 20,000னு எழுதி வட்டம் போட்டாரு. நிலாவுக்கு போனத நான் கொண்டாடறேன், கொண்டாடிட்டே தான் இருப்பேன், ஆனா அந்த வட்டத்தோட சேத்துத்தான்.

நாள் 7 – கேப் கனாவரல், ஃப்ளோரிடா

டூர் பஸ்ல பழைய ஏவுதளங்க. எல்லாம் கடல ஒட்டி வரிசையா இருக்கு, புதர் மண்டி, உப்புக் காத்துல துரு பிடிச்சு. 1950 ஜூலை 24ல பம்பர் 8, வி-2 தலைல சின்ன ராக்கெட் வச்ச அதே வகை, இந்த எடத்துல கெளம்புன மொத ராக்கெட், அது 3ஆம் எண் தளம்.

1957 டிசம்பர் 6, ஸ்புட்னிக் போய் ரெண்டு மாசம், நாடே எதிர்பாத்துட்டு இருக்க, அமெரிக்காவோட முதல் சாட்டிலைட்ட தூக்கிட்டு வான்கார்டு ராக்கெட் கெளம்புச்சு. நாலு அடி ஏறி, ரெண்டே செகண்ட், அப்படியே உக்காந்து வெடிச்சுருச்சு. ஒன்றரை கிலோ கூட இல்லாத சாட்டிலைட் மட்டும் உருண்டு போய் தரைல கெடந்து பீப் பீப்புன்னு சிக்னல் குடுத்துட்டே இருந்துச்சு. அப்பா அந்த வரிய எழுதிட்டு மொத நாள் வரிய திருப்பி பாத்தாரு, கோடார்டு இதுக்கு பத்து மடங்கு போயிருக்காருன்னாரு.

26ஆம் எண் தளத்துல பஸ் நின்னுச்சு. ஹன்ட்ஸ்வில்காரங்களுக்கும் ஜேபிஎல்லுக்கும் வாய்ப்பு குடுத்து மூணு மாசத்துக்குள்ள, 1958 ஜனவரி 31 ராத்திரி 10:48க்கு எக்ஸ்ப்ளோரர் 1 கெளம்புன எடம். அடில ரெட்ஸ்டோன், அதுக்கு ஹைடைன்னு புது எரிபொருள், அந்த கலவைய கண்டுபிடிச்சது மேரி ஷெர்மன் மார்கன்னு ஒரு பொண்ணு, காலேஜ் பட்டம் கூட முடிக்காதவங்க. ராக்கெட் பக்கவாட்டுல யூஇ-ன்னு எழுதியிருந்துச்சு, ஹன்ட்ஸ்வில்ங்கற பேர்ல இங்கிலீஷ் எழுத்துங்கள, திரும்ப வர்றத விட்டுட்டு, ஒண்ணு ரெண்டுன்னு வரிசையா எண்ணுனா அது 29, எத்தனை ராக்கெட் இருக்குன்னு எதிரிக்கு தெரியக்கூடாதுன்னு.

மேல் அடுக்குங்கள வழிநடத்த கருவி கெடயாது. அதுக்கு பதிலா அந்த மொத்த தொட்டியையும் கெளம்பறதுக்கு முன்னாடியே நிமிசத்துக்கு 550 சுத்து சுத்த விட்டு, போகப் போக 750 வரைக்கும் ஏத்துனாங்க, பம்பரம் மாதிரி நேரா நிக்கும்னு. இத கேட்டதும் அப்பாவுக்கு முகம் மலர்ந்துருச்சு, லேத்துல சக் மேல ஒரு பீஸ் கொஞ்சம் தள்ளி நின்னாலே என்னா ஆட்டம் ஆடும், பதினஞ்சு மோட்டர கட்டி சுத்த விட்டு பேலன்ஸ் பண்ணவன் சாதாரண ஆளே இல்லன்னு பஸ் முழுக்க கேக்கற மாதிரி தமிழ்ல சொன்னாரு.

சுத்தி வந்துச்சான்னு தெரிய கலிஃபோர்னியால சிக்னல் கேக்கணும். கணக்கு போட்ட நேரம் தாண்டி எட்டு நிமிசம் ஒண்ணும் வரல, அந்த எட்டு நிமிசம் அவங்க எப்படி உக்காந்திருப்பாங்க. அப்பறம் வந்துச்சு. நெனச்சத விட பெரிய வட்டத்துல போனதால லேட். உள்ள வான் ஆலன்ங்கற விஞ்ஞானியோட கைகர் கவுன்ட்டர், கதிர்வீச்ச எண்ணற கருவி, உயரமான எடத்துல எண்ணிக்கை திடீர்னு சைபர் ஆச்சு, கருவி கெட்டுப்போச்சோன்னு பாத்தா கதிர்வீச்சு அதிகமாகி அது திணறிருக்கு. பூமிய சுத்தி கதிர்வீச்சு பட்டை இருக்குன்னு அப்படித்தான் தெரிய வந்துச்சு.

கடைசியா 34ஆம் எண் தளம். 1967 ஜனவரி 27, ஒத்திகை பாக்கும்போது அப்போலோ 1 கூண்டுக்குள்ள தீ, கிரிஸம், ஒயிட், சாஃபி மூணு பேரும் போய்ட்டாங்க. நாலு கால் காங்கிரீட் மேடை மட்டும் நிக்குது, மேல வட்டமா ஓட்டை, அதுல வானம் தெரியுது. மூணு கல் பெஞ்சு போட்டிருக்காங்க. யாரும் அதுல உக்காரல.

ராத்திரி ரூம்ல அப்பா நோட்ட முடிச்சாரு. எக்ஸ்ப்ளோரர் 1க்கு எறங்குன எடம் கேட்டாரு, 1970 மார்ச் 31, பசிபிக் கடல் மேல எரிஞ்சுதுன்னு சொன்னேன். அப்பறம் அந்த வெடிச்ச வான்கார்டு என்ன ஆச்சுன்னாரு. திரும்ப ஒண்ணு செஞ்சு 1958 மார்ச் 17ல விட்டாங்கப்பா, அது மேல போயிருச்சு, சிக்னல் 1964லயே நின்னுருச்சு ஆனா இன்னும் சுத்திட்டுதான் இருக்கு, மனுசன் விட்டதுல மேல இருக்கறதுலயே பழசு அதுதான்னேன். பேனாவ வச்சுட்டு யோசிச்சாரு. மூணாவது கட்டத்துல "எறங்கல"ன்னு எழுதி நோட்ட மூடி சட்டைப்பைல வச்சுட்டு, நாளைக்கு ஃப்ளைட் எத்தன மணிக்கு கண்ணுன்னு கேட்டாரு.